பன்னிரண்டு நாக்குகள்

சிவப்புப் புள்ளி இந்தக் கட்டத்திலும் தனியாகத்தான் நின்றது.

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு அடுத்த கட்டத்தைப் பார்த்தாள்.

அதிலும் அப்படியே.

சாம்பார்ப் பொடியை ருசி பார்த்தவர்கள் பன்னிரண்டு பேர். உப்பு, உறைப்பு, பெருங்காய வாசனை என்று முப்பது அம்சங்களுக்கு ஆளாளுக்கு மதிப்பெண் போட்டிருந்தார்கள். முப்பதையும் முதன்மைக் கூறு பகுப்பாய்வு என்ற கணக்கில் போட்டு நான்காகச் சுருக்கி, அந்த நான்கையும் இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து ஆறு கட்டங்கள் வரைந்திருந்தாள். ஆளுக்கொரு புள்ளி.

பதினோரு பேர் ஒரு மூலையில், பந்தியில் இடம் பிடித்தவர்கள் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். எதிர் மூலையில் சிவப்பு.

சிவப்பு, முதலாளி தவசிலிங்கம்.

உப்பு தூக்கல் என்று பதினோரு பேர். போதவே போதாது என்று அவர்.

கம்பெனியே அவர் நாக்கை நம்பித்தான் ஓடுகிறது. பொட்டலத்திலும் அவர் படம்தான். அந்த நாக்கு செத்துப்போய்விட்டது என்பதை அவரிடம் யாராவது சொல்லியாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத இவள் சொல்ல வேண்டும்.



கடைசிக் கட்டத்தில் மட்டும் முதலாளி கூட்டத்தோடு கூட்டமாக நின்றார். நல்ல கட்டம். என்ன, மொத்த விஷயத்தில் நூற்றுக்கு மூன்று பங்குகூட அதில் இல்லை.

அதை மட்டும் வெட்டிக் காட்டினால் என்ன?

மனசாட்சி முனகியது. அதட்டி உட்காரவைத்தாள்.

வெட்டுவதற்குள் முதுகுக்குப் பின்னால் செருமல் சத்தம்.

முதலாளி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஆறு கட்டங்களையும் நிதானமாகப் பார்த்தார். சிவப்பு யார் என்று கேட்டார். சொன்னாள். சொன்னது அவளுக்கே கேட்கவில்லை.

அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"மொதலாளின்னா தனியாத்தாம்மா நிப்பான். இந்தப் பதினோரு பேரும் ஒரே எடத்துலதான கெடக்காங்க? ஒரே ருசியச் சொல்ல எதுக்குப் பதினோரு பேரு? ஒரு ஆளு போதும், மத்தவங்கள வீட்டுக்கு அனுப்பிரலாம். யாருன்னு நீயே பாத்துச் சொல்லு."

போய்விட்டார்.



அந்தப் பதினோரு பேரில் அவளும் ஒருத்தி. தன் புள்ளி எது என்று தேட இதுவரை தோன்றியதில்லை. இப்போது தேடினாள். கூட்டத்தின் நட்டநடுவில், நான்கு பேருக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது.

மதிப்பெண் தாளைத் திறந்தாள்.

தன் பெயருக்கு நேரே, உப்புக்கு ஒன்பது என்று இருந்தது. இரண்டு என்று மாற்றினாள்.

திரும்ப வரைந்தாள். புள்ளி சிவப்பின் பக்கம் லேசாக நகர்ந்தது.

போதவில்லை.

பெருங்காயத்திலும் கை வைத்தாள்.