நான்காவது வரி

ஏரிக்கரை வளைவில் ஒருவர்கூட இல்லை.

அப்துல் சுபான் கண்ணுக்கு மேல் கையை வைத்து இன்னொரு முறை பார்த்துக்கொண்டார். இல்லை. மனதுக்குள் இறைவனுக்கு நன்றி சொன்னார்.

வற்றிப்போன ஏரியைச் சுற்றி மண்ணை இடித்து இறுக்கிப் பாதை போட்டிருந்தார்கள். யுத்தம் தொடங்கி ஒரு வருஷம். யுத்த நிதிக்கு மோட்டார் பந்தயம். ஏழு வண்டிகள், பன்னிரண்டு சுற்று.

பொம்மிடி, கம்பைநல்லூர் பக்கத்திலிருந்தெல்லாம் ஜனங்கள் விடியற்காலையிலேயே வந்துவிட்டார்கள். ஆனால் எல்லாரும் தூரத்துப் புளியமரங்களின் அடியில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். வெயில் கொளுத்தியது. அப்படியும் பெண்கள் தங்கள் குழந்தைகளின் புஜத்தைத் துணியால் சுற்றி மூடியிருந்தார்கள்.

சுபானின் கையில் ஒரு நோட்டீஸ் இருந்தது. 'பந்தயம் பார்க்க வருவோருக்கு வழிகாட்டி.' தருமபுரி அச்சுக்கூடத்தில் அதற்கு எழுத்துக் கோத்தவர் அவர்தான். பந்தயக் காரியதரிசி பெங்களூர்க்காரர். தமிழ் பேசுவார், வாசிக்கத் தெரியாது. இங்கிலீஷ் தாள் ஒன்றைக் கொடுத்து, தமிழில் போட்டுவிடச் சொன்னார்.

நாய்களை அவிழ்த்து விடக் கூடாது. கொடி இறங்கியபின் பாதையைக் கடக்கக் கூடாது. பந்தலில் சீட்டு உள்ளவர்களுக்கு மட்டுமே இடம்.

அன்று அந்த இங்கிலீஷ் தாளின் நான்காவது வரியில் அவர் நின்றுவிட்டார்.

'சீட்டு இல்லாத பொதுஜனங்கள் ஏரிக்கரை வளைவின் வெளிப்பக்கம் நிற்கலாம். அங்கே காட்சி மிக நன்றாகத் தெரியும்.'

ஓடுகிற ஜட்கா வண்டிகூட வளைவில் வெளிப்பக்கம்தான் சாயும். பந்தலுக்கு முன்னால் அடுக்கியிருப்பதைப் போல வளைவிலும் வைக்கோல் கட்டு வைப்பீர்களா என்று அவர் காரியதரிசியிடம் கேட்டார்.

காரியதரிசி வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

"பந்தலுக்குக் கிடைச்சதே பெருசு சாயபு. மழை இல்லாத வருஷத்துல வைக்கோலுக்கு எங்க போறது? அங்கதான் ஜனம் நிக்கப் போகுதே. வண்டி வந்தா தாங்கிக்கும்."

சுபான் அச்சுக்கூடத்துக்குத் திரும்பினார். நான்காவது வரியை அவர் தம் விருப்பத்துக்குக் கோத்தார். கோத்து முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுத் தொழுதார்.

இப்போது அவர் பந்தலைப் பார்த்தார். வைக்கோல் கட்டுகள் ஆள் உயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. விலா எலும்பு தெரிகிற பசு ஒன்று கழுத்தை நீட்டி ஒரு வாய் இழுத்தது. பந்தல் காவலுக்கு நின்ற மாரப்பன் அதன் மூஞ்சியில் கழியால் போட்டான். உள்ளே இருந்தவர்கள் கோழி எலும்பைக் கடித்துவிட்டு வைக்கோலின் மேல் எறிந்தார்கள்.

வண்டிகள் உறுமின. புகையில் விளக்கெண்ணெய் நாற்றம். பிள்ளைகளின் வயிற்றுக்குக் கொடுக்கிற எண்ணெயை இவர்கள் ஏரியைச் சுற்றி எரிக்கிறார்கள்.

காரியதரிசி வேகமாக வந்தார்.

"என்ன சாயபு, வளைவுல ஈ காக்கா காணோம்? நாலாவது வரி போட்டியா இல்லையா?"

"போட்டேனுங்க. இதோ இருக்குதுங்க."

காரியதரிசி தாளைப் பிடுங்கி மாரப்பனிடம் நீட்டினார். "படிச்சுச் சொல்லுடா, சரியா இருக்குதான்னு."

மாரப்பன் கழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எழுத்துக் கூட்டி வாசித்தான். அவன் உதடுகள் அசைவதையே சுபான் பார்த்துக்கொண்டு நின்றார். மாரப்பன் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். காலியாகக் கிடந்த வளைவைப் பார்த்தான். பிறகு புளியமரத்தடியை.

"சரியாத்தான் இருக்குதுங்க எசமான்."

கொடி இறங்கியது.

ஆறாவது சுற்றில் ஒரு சிவப்பு வண்டி வளைவில் திரும்பவில்லை. கரையின் மேல் ஏறி, வெளிப்பக்கம் விழுந்து, இரண்டு முறை உருண்டு, மண்ணை ஏர் உழுததைப் போலக் கிழித்துக்கொண்டு வேலிமுள்ளில் போய் நின்றது. ஓட்டியவர் தவழ்ந்து வெளியே வந்து, எழுந்து நின்று, கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

பந்தலில் எல்லாரும் எழுந்து நின்றிருந்தார்கள். தூரக்கண்ணாடி வைத்திருந்த ஒருவர் அதைக் கீழே இறக்கினார்.

"யாருமே இல்லையே" என்றார், பந்தியில் இலை கிடைக்காதவர் குரலில்.

சுபான் காறித் துப்பினார். அவர் ஆயுசில் ஒரு சபைக்கு முன்னால் துப்பியது அதுவே முதல் முறை. பிறகு திரும்பிப் புளியமரங்களை நோக்கி நடந்தார். போகிற வழியில், மாரப்பன் ஒரு வைக்கோல் கட்டை அவிழ்த்து அந்தப் பசுவின் முன்னால் உதறிப் போட்டுக்கொண்டிருந்தான். அவன் தலை நிமிரவில்லை.

மரத்தடியில், இடுப்பில் பிள்ளையோடு நின்ற ஒரு பெண் அவரை மறித்தாள். கம்பைநல்லூர் மாதம்மாள், அச்சுக்கூடத்துக்கு எதிரே சந்தை நாளில் வேர்க்கடலை விற்பவள்.

"ஏனுங்க பாய், அவங்க இங்கயும் வந்துருவாங்களா?"

"யாரும்மா?"

"அம்மை குத்தறவங்கதான். அந்த வளைவுல வந்து நிக்கற அத்தனை பேருக்கும் ஊசி குத்துவாங்கன்னு நாலாவது வரியில போட்டிருக்குதாமே. ஊரே அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் இங்க வந்து நிக்குது."

அவள் பிள்ளையின் புஜத்துத் துணியை இன்னும் இறுக்கினாள்.

சுபான் வளைவைத் திரும்பிப் பார்த்தார். கிழிந்த மண்ணின் மேல் புழுதி இன்னும் அடங்கவில்லை. அடுத்த மாதம் அம்மை குத்துகிறவர் மெய்யாகவே வருவார். அப்போதும் இவள் இந்தத் துணியை இப்படித்தான் இறுக்குவாள்.

அவர் தம் ஜிப்பாவின் கையை மெல்லத் தோள்வரைக்கும் சுருட்டி ஏற்றினார்.

"இதோ பாரும்மா. சின்ன வயசுல எனக்கும் குத்துனாங்க. அந்த வருஷம் எங்க தெருவுல அம்மை வந்துச்சு. எனக்கு வரலை."

பிள்ளை கையை நீட்டி, அந்த வட்டத் தழும்பை ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்தது.