பிளாஸ்டிக் குழாய்

"பிளாஸ்டிக்கா? என்ர உம்மாவுக்கா?"

ஜெமீல் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினான். திருகோணமலைத் துறைமுகத்தில் மீன்பிடிப் போட்டுகளுக்கு எஞ்சின் திருத்துகிறவன். எந்தக் குழாய் உப்புத் தண்ணிக்கு நின்றுபிடிக்கும், எது பிடிக்காது என்று அவனுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

டொக்டர் நிரோஜினி குரலை உயர்த்தவில்லை.

"ஓம். வாயால கமெராவை விட்டு, அடைச்ச பித்தக் குழாய்க்குள்ள சின்னக் குழாய் ஒண்டு வைப்பம். பித்தம் வடிஞ்சா மஞ்சள் குறையும். மூண்டு மாசத்தால மாத்தவேணும்."

"இரும்புக் கம்பியிலயும் இருக்காமே? அதை மாத்தத் தேவையில்லையாம்."

"இருக்கு. இப்ப அது வேண்டாம்."

ஜெமீலுக்குச் சுருக்கென்றது. இல்லாதபட்டவன் என்றால் எல்லாருக்கும் இளக்காரம்தான்.

"கிண்ணியாவில இருந்து சாரம் கட்டிக்கொண்டு வந்தவனுக்குப் பிளாஸ்டிக் போதும் எண்டு நினைச்சிட்டீங்களோ? வீட்டை வித்தெண்டாலும் நான் வாங்கித் தருவன்."

"சும்மா இரி மகன்," என்றாள் றுக்கியா உம்மா. கண்ணெல்லாம் மஞ்சள். சொறிந்து சொறிந்து கையெல்லாம் புண். "டொக்டர் சொல்றதக் கேளு."

அவன் கேட்கிறபாடில்லை.

தாதி வந்து உம்மாவை இரத்தம் எடுக்கக் கூட்டிப்போனாள். கதவு சாத்தும்வரை டொக்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவனே மறுபடி தொடங்கினான்.

"எங்கட பக்கத்து வீட்டு ஸைனுலாப்தீன் காக்காவுக்கு இரும்புதான் வச்சவங்க. மௌத்தாகிக் கண்ணை மூடும் வரைக்கும் ஒருக்காலும் அடைக்கேல்ல, தெரியுமா?"

"குழாய் வச்சபிறகு எத்தனை மாசம் இருந்தவர், தம்பி?"

"அஞ்சு மாசம்..."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே கேட்டது. மெல்லக் கதிரையில் உட்கார்ந்தான்.

"அந்தக் கம்பி சதையோட ஒட்டிப்போகும். பிறகு கழற்ற ஏலாது," என்றார் நிரோஜினி. "புற்றுநோய்தான் எண்டு முடிவாத் தெரிஞ்சு, இனி ஒப்பரேஷனுக்கும் வழியில்லாத ஆக்களுக்குத்தான் அதை வைக்கிறனாங்கள். உங்கட உம்மாவுக்கு முந்தி ஸ்கேன் கமெராவை விட்டு எடுத்த சதைத் துண்டின்ர றிப்போட் இன்னும் வரேல்ல."

ஜெமீல் தலையைக் குனிந்துகொண்டான். சம்மதக் கடதாசியை அவன் பக்கம் நகர்த்திவிட்டு டொக்டர் சொன்னார்:

"ஒருநாள் கழற்றி எறியலாம் எண்டு நாங்கள் நம்புற ஆக்களுக்குத்தான் தம்பி, பிளாஸ்டிக்."