ஈரத்துணி

"ஆலைக்காரங்க உங்களுக்கு என்னக்கா குடுத்தாங்க?"

மொட்டைமாடியில் நின்று இப்படிக் கேட்டார், காற்றிலுள்ள தூசியை அளவெடுக்க வந்தவர்.

காற்றை உறிஞ்சும் மெஷினை அந்த வீட்டு மாடியில் வைத்து ஒரு வருஷம் ஆகிறது. உள்ளே ஒரு வெள்ளைத் தாள். திங்கட்கிழமைதோறும் பத்து மணிக்கு வந்து, தூசி படிந்த தாளை எடுத்துக்கொண்டு புதுத் தாள் வைத்துவிட்டுப் போவார். முதல் மாதம் தாள் அடுப்பில் ஏறிய சட்டியின் அடிபோல் வந்தது. அப்புறம் என்ன மாயமோ, வெளுத்துக்கொண்டே போனது. பக்கத்து ஆலைப் புகையில், தெருவில் துணி காயப்போட்டால் சாயங்காலத்துக்குள் கறுக்கிறது. தாள் மட்டும் வெளுக்கிறது!

ஆலைப் புகை பற்றி நாளைக்கு விசாரணை. மனசு கேட்காமல் இன்று விடிந்ததும் சொல்லாமல் வந்து நின்றார். மெஷினின் வாயைச் சுற்றி ஈரத்துணி கட்டியிருந்தது.

வீட்டுக்கார அக்கா கையைப் பிசைந்தாள்.

"யாரும் எதுவும் குடுக்கலை தம்பி. நானாத்தான் கட்டினேன். நீங்க வர்றதுக்கு முன்னாடி அவிழ்த்துடுவேன்."

"பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டுடுமா? இந்த மெஷின் எதுக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாதே. நீங்க சொன்னதில்லையே."

உண்மைதான். இந்த ஒரு வருஷத்தில் 'குடிக்கத் தண்ணி இருக்கா' என்பதற்கு மேல் அவளிடம் அவர் பேசியதில்லை.

"தாள் கரியா இருந்தா, ஆலைப் புகைபோக்கிக்கு வடிகட்டி வைக்கச் சொல்லி உத்தரவு போடுவாங்க. வரிசையா நீள நீளமா துணிப் பைகள். புகை அதுல புகுந்துதான் வெளிய வரணும். தூசியெல்லாம் துணியிலேயே தங்கிடும். அங்க கட்ட வேண்டிய துணியை நீங்க இங்க கட்டியிருக்கீங்க!"

"அப்போ... கரியா வந்தாத்தான் நல்லதா?"

"இந்த ஒரு வருஷ அளவும் இனி செல்லாது. முதல்லேருந்து இன்னொரு வருஷம் அளக்கணும். அதுவரைக்கும் வடிகட்டி கிடையாது."

கீழே அவள் மகள் இருமினாள். ஏழு வயசு. இருமல் நிற்கிறாற்போல் நின்று மறுபடி பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"இன்னும் ஒரு வருஷமா?" அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"யார் சொல்லிக் கட்டினீங்க? அதையாவது சொல்லுங்கக்கா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

"முதல் மாசம் இதே இடத்துல நின்னு போன்ல சொன்னீங்களே தம்பி, 'தாள் இந்த வாரமும் கரி, ஆபீஸ்ல என்னை வறுத்தெடுக்கப் போறாங்க'ன்னு. பிள்ளைகுட்டிக்காரர், உங்க வேலைக்கு ஒண்ணும் வந்துடக் கூடாதேன்னுதான்..."