செவ்வாய், வெள்ளி விடுமுறை

“வாரத்துல ரெண்டு நாள் பூட்டு! இது ஊர் ஆர்.ஓ. பிளான்ட்டா, இந்தம்மா சொந்த வீடா?”

திம்மப்பன் மனுவை நீட்டினார். எண்பத்தேழு கையெழுத்து. அதில் பாதிப் பேர் கேன் தண்ணீர் வாங்கிக் குடிப்பவர்கள். அது வேறு விஷயம்.

“பூட்டிட்டு ஓசூர்ல இன்னொரு வேலைக்குப் போகுதாம்!” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

ஊராட்சித் தலைவி சத்யப்ரியா, பிளான்ட்டைப் பார்த்துக்கொள்ளும் பவுலினாவிடம் திரும்பினார். “செவ்வாயும் வெள்ளியும் எதுக்கும்மா பூட்டுறீங்க? வேலை போயிடும், தெரியுமில்ல?”

“எனக்கு இருக்கறதே இந்த வேலைதாங்க மேடம். ஒரு குடம் நல்ல தண்ணி எடுத்தா, ஒரு குடம் உப்புத் தண்ணி கழியுது. அதை விடற சிமெண்ட் தொட்டி சீக்கிரமே ரொம்பிடுது. வெயில்ல வத்த வேணாங்களா? ரெண்டு தொட்டி இருந்தா தினமும் திறப்பேன்.”

“முன்ன இருந்தவன் தினமும் திறந்தானே! கழிவை ஓடையில விட்டுட்டுப் போய்க்கிட்டே இருந்தான்” என்றார் திம்மப்பன்.

“ஓடையில விட்டா பக்கத்துக் கிணறு உப்பாயிடுதுங்கண்ணா.”

“ஒருத்தன் கிணத்துக்காக ஊரே காலிக் குடத்தோட நிக்கணுமா? இன்னொரு தொட்டி கட்ட அவனே இடம் கொடுக்கட்டும்! கொடுக்கலேன்னா அவன் வாசல்ல நான் வந்து உக்கார்றேன்!”

கூட்டம் கைதட்டியது.

“யார் கிணறும்மா அது?” என்றார் தலைவி.

“வாங்க மேடம், காட்டுறேன்.”

ஓடையோரமாகவே நடந்தார்கள். வழியெல்லாம் திம்மப்பனின் ரோஜாப் பெருமைதான்.

“ரெண்டு வருஷம் முன்ன இலையெல்லாம் ஓரம் கருகிக் கொட்டிச்சு மேடம். உரத்தை மாத்தினேன். இப்போ மார்க்கெட்ல மொதல்ல விக்கறது என் பூதான்!”

“பவுலினா, நீங்க வேலைக்குச் சேர்ந்து எத்தனை நாளாச்சு?”

“ரெண்டு வருஷங்க மேடம்.”

ஒரு கம்பி வேலியோரம் பவுலினா நின்றார். உள்ளே செக்கச்செவேலென்று ரோஜாத் தோட்டம். நடுவில் கிணறு.

திம்மப்பன் கிணற்றைப் பார்த்தார், ஓடையைப் பார்த்தார், பவுலினாவைப் பார்த்தார்.

“அய்யோ கடவுளே... இது என் கிணறாச்சே! மொதல்லயே சொல்றதுக்கென்னம்மா?”

“ரெண்டு தடவை வந்தேங்கண்ணா. ‘போய் பிளான்ட்டைத் திற மொதல்ல’ன்னு விரட்டிட்டீங்க.”

தலைவியின் கையிலிருந்த மனுவை வாங்கி, நாலாய் மடித்துச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டார் திம்மப்பன்.

“தொட்டிக்கு எவ்வளவு இடம்மா வேணும்? சீக்கிரம் சொல்லு. என் வாசல்ல நானே போய் உக்கார முடியாது.”