வலது தோள்

கண் ஆஸ்பத்திரி நாற்காலியில் அம்மா கால் எட்டாமல் உட்கார்ந்திருந்தாள். மகள் பின்னால் நின்றாள், ஆபீஸ் அட்டையைக்கூடக் கழுத்திலிருந்து கழற்றாமல்.

எதிர்ச் சுவரில் படிக்கத் தெரியாதவர்களுக்கான பலகை. மூன்று கால் முளைத்த ஒரே எழுத்து, நாலு பக்கமும் புரண்டு கிடந்தது. கால் நீண்ட பக்கம் விரலைக் காட்டினால் போதும்.

“பள்ளிக்கூடமே போகாதவளுக்கு எத்தனை பரீட்சை!” என்றாள் அம்மா.



டாக்டர் கண்ணுக்குள்ளே பார்த்துச் சொல்லி முடித்திருந்தார். சர்க்கரை விழித்திரையை அரித்துவிட்டது. போனது போனதுதான். மிச்சம் எவ்வளவு என்று சீட்டில் எழுதத்தான் இந்தப் பலகை.

“ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா லேசர்ல நிறுத்தியிருக்கலாம்மா. தையல் கம்பெனில கண்ணு டெஸ்ட் பண்ணியிருப்பாங்களே, ஒண்ணும் சொல்லலையா?”

அப்போது கம்பெனி கொடுத்த சீட்டு மேசையில் கிடந்தது. ‘பார்வை நன்று.’

பதினாறு வருஷம் செக்கிங் மேசையில், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சட்டைகளின் நூல் பிசிறு வெட்டியவள்.

எந்தக் குருடன் எழுதினான் இதை என்று கத்த வாயைத் திறந்தாள் மகள். மூடிக்கொண்டாள்.

டாக்டர் ஆகப் பெரிய எழுத்தைச் சுட்டினார். கால்கள் வலப்பக்கம்.

அம்மாவின் விரல் அந்தரத்தில் நின்றது. எங்கும் போகவில்லை.

பிறகு, டாக்டருக்குத் தெரியாமல், முதுகை மெல்லப் பின்னால் சாய்த்தாள். மகளின் கை எட்டும் தூரத்துக்கு.

இரண்டு வருஷத்துக்கு முன்பும் இப்படித்தான். கம்பெனிக் கூடம், இதே பலகை. கண் மங்குகிறது, தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அம்மா அழுதாள். மகளுக்கு அது கடைசி செமஸ்டர். வயசானால் மங்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டாள். கையெழுத்துப் போடத் துணை என்று சொல்லிப் பின்னால் போய் நின்றாள்.

வலது தோளில் அழுத்தினால் வலம். இடது தோள் இடம். பிடரி மேலே. முதுகு கீழே.

மூன்று நாள் ஒத்திகை. யோசனை மகளுடையது.

ஒரு தப்புகூட விழவில்லை.

“என்னடி, மறந்துட்டியா?” என்றாள் அம்மா, உதடு அசையாமல்.