வீட்டில் கொஞ்சம் வேலை

நான்கு வருடம் வீட்டிலிருந்தே வேலை பார்த்த சுடர்க்கொடி, எட்டு மாதக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி அலுவலகம் வந்தாள். எல்லோரும் நேரில் வந்தே ஆகவேண்டும் என்று உத்தரவு. கூட்ட அறையில் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். மேலாளர் ரகோத்தமன் சுவர்த் திரையில் தோன்றினார்.

“நேர்ல உட்கார்ந்து பேசினாத்தான் அது டீம்,” என்றார். அவர் பக்கத்தில் குக்கர் விசிலடித்தது.

“சார், நீங்க எங்கேருந்து பேசுறீங்க?” என்றாள் சுடர்க்கொடி.

“இன்னிக்கு வீட்ல கொஞ்சம் வேலை.”

“எனக்கும்தான் சார்.” லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தாள்.

“இப்பப் போனா நாளைக்கு நீங்க வரவே வேண்டாம்.”

“அதைத்தானே சார் ஒரு மாசமா கேட்டுக்கிட்டிருக்கேன்.”

அவள் கதவைத் திறந்தபோது, பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது.