சனிக்கிழமை நாலு மணி மெசேஜ்

சுப்புராமன் வண்டியில் எழுபத்தொரு சதவீதம் சார்ஜ் இருந்தது. அதை வைத்துக்கொண்டு திண்டிவனம் போய்த் திரும்பலாம். ஆனாலும் மனிதர் கேளம்பாக்கம் எலெக்ட்ரிக் கார் ஷோரூமுக்கு வந்து, அங்கே இருக்கிற ஒரே ஃபாஸ்ட் சார்ஜரை மாட்டிவிட்டு, நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

இன்று நேற்றல்ல, சனிக்கிழமை தோறும் நாலு மணிக்கு இதே கூத்து.

பின்னால் நின்ற டாக்சி டிரைவர் எல்லப்பனுக்கு வயிறு எரிந்தது. அவர் வண்டியும் அதே ஷோரூமில் வாங்கியதுதான். அதில் இருந்ததோ ஆறு சதவீதம். மாமல்லபுரத்தில் சவாரி வேறு காத்துக்கொண்டிருந்தது. நேராக சர்வீஸ் அட்வைசர் துர்காதேவியிடம் போய் நின்றார்.

“இன்னாம்மா இது? பெரியவரு வண்டில எழுவத்தொண்ணு கீது. நான் ஆறு பர்சென்ட் வெச்சிக்கினு நிக்கறேன். நீயே நியாயத்த சொல்லு.”

துர்காவுக்கு அவரைவிட எரிச்சல். படூரில் சுப்புராமனின் ஃபிளாட்டுக்கு ஆளனுப்பி, கார் பார்க்கிங்கில் சார்ஜர் மாட்டிக் கொடுத்ததே அவள்தான். ராத்திரி மாட்டினால் காலையில் ஃபுல். கல்பாக்கத்தில் விஞ்ஞானியாக இருந்து ரிட்டையர் ஆனவருக்கு இதுகூடவா தெரியாது? ஓசி என்றால் யாரையும் விடாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மேனேஜர் ஹரிஹரனுக்கு ஆரம்பத்திலிருந்தே இந்த இலவச சார்ஜர் பிடிக்கவில்லை. கார் விற்கிற இடத்துக்கு பங்க் வேலை எதற்கு என்பது அவர் கட்சி. நாம் விற்ற வண்டி நடுரோட்டில் நின்றால் நமக்குத்தானே கெட்ட பெயர் என்று மல்லுக்கட்டி வைக்கச் செய்தவள் துர்கா. அதனால் புகார் வரும்போதெல்லாம் அவள் தலைதான் உருளும். இன்று காலை அவர் முடிவாகச் சொல்லிவிட்டார். வீட்டில் சார்ஜர் இருக்கிறவர்களுக்கு இனி இங்கே கிடையாது. அதைப் போய்ச் சொல்ல வேண்டியவளும் அவளே.

போனாள். சொல்லவும் சொன்னாள்.

சுப்புராமனின் முகம் சுருங்கிவிட்டது. “இன்னிக்கு மட்டும் விட்டுடும்மா. அஞ்சு நிமிஷம்” என்று கெஞ்சினார். கண் மட்டும் மடியில் இருந்த போனைவிட்டு நகரவில்லை.

போன் அடித்தது. காது கொஞ்சம் மந்தம், ஸ்பீக்கரில் போட்டார்.

“அப்பா, மெசேஜ் வந்துது. சார்ஜ் போட்ருக்கீங்களா?”

“ஆமா. எழுபத்தஞ்சு ஆச்சு.”

“டயர்ல காத்து?”

“பாத்துட்டேன்.”

அப்புறம் இரண்டு பக்கமும் பேச்சில்லை. போனை வைக்கவும் இல்லை.

“அங்க விடிஞ்சிருக்காதே. தூக்கத்துல எழுப்பிட்டேனா?”

“இல்லப்பா, முழிச்சிட்டுதான் இருந்தேன். சரி, எண்பதுக்கு மேல போடாதீங்க. பேட்டரிக்கு நல்லதில்ல.”

அவ்வளவுதான். போனை வைத்ததும் சுப்புராமன் தானே எழுந்து, வயரைக் கழற்றி எல்லப்பன் கையில் கொடுத்தார். பிறகு துர்காவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

டொராண்டோவில் இருக்கும் ஒரே மகன் பரணிதரன். ஜாக்குலினைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று அவன் சொன்ன அன்று, இனிமேல் எனக்கு போன் பண்ணாதே என்று கத்திவிட்டார். மூன்று வருஷம் ஆகிறது. அவனும் ரோஷக்காரன், பண்ணவில்லை. அப்பாவின் பழைய கார் படுத்துவிட்டது என்று யார் மூலமோ தெரிந்து, அங்கிருந்தே இந்தக் காரை புக் பண்ணி அனுப்பினான். ஷோரூமில் பதிவானது அவன் நம்பர். இங்கே சார்ஜ் போட்டால் அந்த நம்பருக்கு ஒரு மெசேஜ் போகும். மெசேஜ் போனால் அவன் கூப்பிடுவான். காரைப் பற்றி மட்டும் பேசுவார்கள்.

“வீட்ல போட்டா அவனுக்குத் தெரியாதும்மா” என்றார்.

“நீங்களே கூப்புடலாமே சார்?”

“பண்ணாதேன்னு சொன்னவன் நான். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு பண்றது?” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அவன் குரலக் கேக்கணும்னு வாரம் பூரா மனசு ஏங்குது. சார்ஜ் இறங்கணுமேன்னு கோவளம், மாமல்லபுரம்னு தனியா ஓட்டிட்டுக் கெடக்கேன்.”

இவரைப் போய் ஓசி என்று நினைத்தோமே என்று துர்காவுக்கு வெட்கமாக இருந்தது. மேனேஜரின் உத்தரவை மாற்ற அவளால் முடியாது. சனிக்கிழமை நாலு மணிக்குத் தானே ஒரு மெசேஜ் தட்டிவிட்டால் போகிறது என்று உள்ளே ஓடினாள்.

கம்ப்யூட்டரில் சுப்புராமனின் பெயரைத் திறந்தாள். அதுவரை போன மெசேஜ்கள் வரிசையாக வந்தன. கடைசி மெசேஜின் தேதியைப் பார்த்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

வெளியே வந்தபோது கார் கேட்டருகில் போய்விட்டது. கையைக் காட்டி நிறுத்தினாள்.

“சார், வெளிநாட்டு நம்பருக்கு மெசேஜ் போறது நின்னு ஒம்போது மாசம் ஆச்சு. உங்க பையனுக்கு இங்கேர்ந்து எதுவுமே போகல.”

“இப்பக்கூட மெசேஜ் வந்துதுன்னு சொன்னானேம்மா?”

“ஆமா சார். அப்ப வாரா வாரம் மெசேஜ் வராமலேதான் கூப்பிட்டிருக்காரு.”

சுப்புராமன் காரை ஓரம் கட்டி, மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவரே அந்த நம்பரை அழுத்தினார்.

“பரணி, காரைப் பத்தி இல்லடா” என்றார். “ஜாக்குலின் எப்படி இருக்கா?”